வைத்தியத்தில் திருவுளச் சீட்டு

எங்கள் தெருக் கோடியில் ஒரு தையற்காரர் இருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். இருபது வருஷமாக நீரிழிவு. ஆறு மாதமாக வலது பாதத்தில் ஓர் ஆறாத புண். தையல் இயந்திரத்தை மிதிக்கிற கால் அது என்று சொன்னால், அவருடைய கஷ்டத்தை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து பதினான்கு பக்கமுள்ள ஒரு காகிதக் கட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். வாராவாரம் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள அவர் செல்லும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களாம். படித்துப் பார்த்து, இஷ்டமிருந்தால் கையெழுத்திடலாம் என்றார்களாம்.

"ஸார், நான் எட்டாவது வரையில் படித்தவன். இதில் எழுத்தெல்லாம் தெரிகிறது. விஷயந்தான் ஒன்றும் புரியவில்லை. என்னை எலியாக்கப் பார்க்கிறார்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றார்.

வாங்கிப் படித்தேன். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் எனக்கே அந்தத் தமிழ் சுலபத்தில் வசப்படவில்லை. 'தாங்கள் சீரற்ற முறையில் ஒரு பிரிவில் சேர்க்கப்படுவீர்கள்' என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. "ஒழுங்கில்லாமல் செய்வோம் என்று அவர்களே எழுதித் தருகிறார்களே!" என்றார் தையற்காரர். ஐந்தாம் பக்கத்தில் 'இது ஓர் இரட்டைக் குருட்டு ஆய்வு' என்று கண்டிருந்தது. "நீரிழிவுக்காரனுக்குக் கண் கெடும் என்று டாக்டர் முன்னமே பயமுறுத்தியிருக்கிறார். இதில் இரண்டு கண்ணும் போய்விடுமா?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைத் தமிழாக்கியவர் பக்கத்தில் ஓர் அகராதி இருந்திருக்கிறது. நோயாளி ஒருவர் இருந்திருக்கவில்லை.

சொற்களின் முட்களை நீக்கிப் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான். நீரிழிவுக்காரரின் காற்புண்ணுக்குப் புதிய களிம்பு ஒன்று தயாராகியிருக்கிறது. அது உண்மையில் குணம் தருகிறதா என்று அறிய வேண்டும். இசைந்து வருகிற நோயாளிகளை இரண்டு பிரிவாக்குவார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து கலந்த களிம்பு. மற்றதற்கு அதே நிறமும் அதே மணமும் உள்ள, மருந்து கலவாத களிம்பு. புண்ணைக் கழுவிக் கட்டுதல், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல், புண்ணில் பாரம் விழாதபடி தனிச் செருப்பு ஆகிய வழக்கமான சிகிச்சை எல்லாருக்கும் ஒரே விதமாக உண்டு. பன்னிரண்டு வாரம் கழித்து எந்தப் பிரிவில் எத்தனை பேருக்குப் புண் ஆறியது என்று எண்ணிப் பார்ப்பார்கள். யாருக்கு எந்தக் களிம்பு என்பதை டாக்டர் தீர்மானிப்பதில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் ஒரு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அதைத்தான் 'சீரற்ற முறை' என்று எழுதியிருந்தார்கள்.

"கோவிலில் திருவுளச் சீட்டுப் போடுவார்கள். ஆஸ்பத்திரியிலுமா?" என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இந்தக் கேள்விக்கே போயிற்று. பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இப்போது இத்தகைய பரீட்சைகள் நடந்து வருவதால், இந்தக் காகிதம் நாளை நேயர்களில் யாருடைய வீட்டுக்கும் வரலாம். ஆகையால் அன்று பேசியதை ஒருவாறு இங்கே எழுதுகிறேன்.

ஒரு மருந்து வேலை செய்கிறது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? 'நான் சாப்பிட்டேன், குணமாயிற்று' என்கிறோம். ஜலதோஷம் மருந்து சாப்பிட்டால் ஏழு நாளிலும், சாப்பிடாவிட்டால் ஒரு வாரத்திலும் போய்விடும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வியாதிகளில் பாதி தாமே வந்து தாமே போகின்றன. பழி பாவமோ புகழோ கடைசியாகச் சாப்பிட்ட மருந்தின் தலையில் விழுகிறது. அனுபவமுள்ள வைத்தியர் சொன்னால் நம்பலாமே என்றால், அவர் கண்ணையும் ஏமாற்ற வழியுண்டு. குணமானவன் பழத்தட்டோடு திரும்பி வந்து கும்பிடுகிறான். குணமாகாதவன் வேறு வைத்தியரிடம் போய்விடுகிறான். முன்னவனைத்தான் அவர் கண்டு கணக்கில் சேர்க்கிறார்.

ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயால் வாடிய பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு பரிகாரம் கொடுத்தார். ஒரு ஜோடிக்குக் காடி, ஒரு ஜோடிக்குக் கடல் நீர், இன்னொரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் என்று இப்படி. ஆரஞ்சு தின்றவர்கள் இருவரும் ஒரு வாரத்துக்குள் தேறிவிட்டார்கள். மருந்தை மருந்தோடு வைத்துப் பார்க்கும் வழக்கத்துக்கு இதை ஆரம்பமாகச் சொல்வார்கள்.

ஆனால் ஒப்பிடுவதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. அது என் தொழிலில் நன்றாகத் தெரிந்த விஷயம். ஒரு தலைமை ஆசிரியர் கெட்டிக்காரப் பிள்ளைகளையெல்லாம் 'ஏ' பிரிவில் போட்டு, அவர்களுக்குப் புதிய பாடபுத்தகம் கொடுத்து, ஆண்டு இறுதியில் 'பார்த்தீர்களா, புத்தகத்தின் மகிமை!' என்று சொன்னால் நாம் நம்புவோமா? வைத்தியரும் மனிதர்தாம். புதிய மருந்தின்மேல் அவருக்கு ஆசையிருந்தால், பிழைக்கக்கூடியவர்களைத் தம்மையறியாமலே அந்தப் பக்கம் சேர்த்துவிடுவார். இரக்கம் மிகுந்தவராயிருந்தால் மிகவும் மோசமானவர்களை அந்தப் பக்கம் சேர்ப்பார். இரண்டு வகையிலும் கணக்குக் கெட்டது. சீட்டுக்கு ஆசையுமில்லை, இரக்கமுமில்லை. போதிய அளவு ஜனங்களைச் சீட்டினால் பிரித்தால், கிழவர்களும் வாலிபர்களும், சர்க்கரை அதிகமுள்ளவர்களும் குறைந்தவர்களும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக வந்து விழுவார்கள். நாம் அறிந்த வேற்றுமைகள் மட்டுமல்ல, நாம் அறியாத வேற்றுமைகளுங்கூட அப்படியே பங்கிடப்பட்டுவிடும். இந்த இரண்டாவது விஷயத்தை எந்தப் பெரிய வைத்தியராலும் தம் கையால் செய்ய முடியாது.

இந்தச் சீட்டு முறை வைத்திய உலகில் நிலைபெற்றது க்ஷயரோகத்தால்தான். இரண்டாவது மகாயுத்தம் முடிந்த சமயம். ஸ்ட்ரெப்டோமைஸின் என்ற புது மருந்து அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வந்தது. வந்த மருந்தோ சொற்பம், நோயாளிகளோ ஏராளம். எல்லாருக்கும் கொடுக்க வழியில்லை. அந்நாளில் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளிவிவர நிபுணர் ஒரு யோசனை சொன்னார். அவரே இளமையில் க்ஷயரோகத்தில் நெடுங்காலம் படுத்து எழுந்தவர். அதனால் வைத்தியம் படிக்கும் ஆசையைக் கைவிட நேர்ந்தவர். எப்படியும் சிலருக்குத்தான் மருந்து கிடைக்கப் போகிறது என்றால், அந்தச் சிலர் யார் என்பதைச் சீட்டு முடிவு செய்யட்டும், உலகத்துக்கும் உண்மை தெரியட்டும் என்பது அந்த யோசனை. 107 நோயாளிகள். ஒட்டிய உறைகளுக்குள் சீட்டு. 55 பேருக்குப் படுக்கை ஓய்வும் மருந்தும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். மார்பு எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு எது யாருடைய படம் என்று தெரியாது. ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948-ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று.

கதை அத்துடன் முடிந்திருந்தால் ஸ்ட்ரெப்டோமைஸினுக்குக் கோவில் கட்டியிருப்பார்கள். ஐந்து வருஷம் கழித்து எண்ணியபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், மற்ற 52 பேரில் 35 பேரும் மாண்டிருந்தார்கள். வித்தியாசம் கொஞ்சந்தான். ஒற்றை மருந்துக்குக் கிருமிகள் பழகிவிட்டன. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால்தான் கிருமி அடங்கும் என்பதும் அடுத்தடுத்த பரீட்சைகளால் தெளிவாயிற்று. முதற் கணக்கைப் பார்த்து மகிழ்ந்ததோடு நில்லாமல், மறுபடியும் எண்ணிய அந்த நேர்மைக்கு நாம் வணக்கம் செலுத்த வேண்டும்.

இதற்கு அடுத்த பெரிய அத்தியாயம் நம் சென்னையில் எழுதப்பட்டது. அதை நம்மவர்களிலேயே பலர் அறியார்கள்.

1950-களில் க்ஷயரோகம் என்றால் சானடோரியம் என்றுதான் அர்த்தம். ஊருக்கு வெளியே மரங்களும் நல்ல காற்றும், கட்டிலில் ஓய்வும், பாலும் முட்டையுமாகப் புஷ்டியான உணவும் இருந்தால்தான் இந்த நோய் தீரும் என்று மேல்நாட்டு நிபுணர்கள் உறுதியாக நம்பினார்கள். நம் தேசத்திலோ நோயாளிகளின் தொகைக்கு முன்னால் கட்டில்களின் தொகை ஒன்றுமில்லை. சானடோரியத்தில் இடம் கேட்டு எழுதிவிட்டுக் காத்திருந்தே எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு கட்டில் போடுவதென்றால் அது இந்த ஏழை நாட்டால் ஆகிற காரியமா? வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன என்ற கேள்வி பிறந்தது. ஆனால் அரைவயிற்றுக் கஞ்சியும், ஓர் அறையில் ஏழெட்டுப் பேருமாக வாழும் குடிசைவாசிக்கு வெறும் மாத்திரை போதுமா? அவன் இருமினால் குழந்தைகளுக்கும் தொற்றாதா? யாருக்கும் தெரியாது. 'யாருக்கும் தெரியாது' என்ற இந்த நிலைமை முக்கியமானது. ஒன்று மேல் என்று தெரிந்திருந்தும் சீட்டுப் போடுவது பாவம். உண்மையாகவே தெரியாதபோதுதான் அதற்கு நியாயம் உண்டு.

1956-ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நால்வரும் சேர்ந்து சென்னையில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் அதற்குத் தலைமை வகித்தார். நகரத்து ஏழைகளான 193 நோயாளிகளைச் சீட்டினால் பிரித்து, ஒரு பகுதியாரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இரு பிரிவுக்கும் ஒரே மருந்து: ஐஸோநியாஸிட், பாஸ் என்ற இரண்டும், ஒரு வருஷம் முழுவதும். வீட்டிலிருப்பவர்கள் மருந்தைச் சாப்பிடுகிறார்களா, ஜன்னலுக்கு வெளியே எறிகிறார்களா என்று பார்க்க, முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே போய்ச் சிறுநீரைச் சோதித்தார்கள். மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். கேட்பதற்கு வேடிக்கையாயிருக்கலாம். இத்தகைய சில்லறை வேலைகளில்தான் பரீட்சையின் உயிர் இருக்கிறது.

சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். எடையும் அதிகம் ஏறினார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு ஆகாரமும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் வருஷ முடிவில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86 பேருக்கு. ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தபோது அந்தச் சிறு இடைவெளியும் மறைந்து, இரு பிரிவிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் சௌக்கியமாக இருந்தார்கள். வீட்டாருக்கு நோய் தொற்றியதிலும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை. நோயாளியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டதால் புதிதாக ஆபத்து விளையவில்லை. 1959-ஆம் ஆண்டில் இந்த முடிவுகள் வெளியாயின. நம் ஊர்க் குடிசைகளில் கிடைத்த உண்மையைக் கொண்டு உலகம் தன் வழக்கத்தை மாற்றிக் கொண்டது. மேல்நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. அந்த நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயருடன் சேத்துப்பட்டில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம்.

கொரோனாக் காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் என்று ஒரு மாத்திரைக்காக 2020-ல் மருந்துக் கடைகளில் எத்தனை அமளி! ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் பிரிட்டனின் ஆஸ்பத்திரிகளில் நடத்திய சீட்டுப் பரீட்சையில் அதனால் நோயாளிக்குப் பயனில்லை என்று தெரிந்தது. அதே பரீட்சையில், டெக்ஸாமெதாஸோன் என்ற பழைய, மலிவான மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடையே மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பிராணவாயு தேவைப்படாத நோயாளிகளுக்கோ அதனால் லாபமில்லை. ஆரவாரம் ஒரு பக்கம், உண்மை ஒரு பக்கம்.

இனி, 'இரட்டைக் குருடு'. தையற்காரருக்கு இதைப் பரீட்சைப் பேப்பரைக் கொண்டு விளக்கினேன். பொதுப் பரீட்சையில் பையனுடைய பெயரை மறைத்து, விடைத்தாளில் ஓர் எண்ணைப் போட்டுத்தான் திருத்துகிறவரிடம் கொடுக்கிறார்கள். தெரிந்த பையன் என்றால் கை தானாக மார்க்குப் போடும். அதுபோல, எது மருந்துள்ள களிம்பு என்று டாக்டருக்குத் தெரிந்தால், 'புண் ஆறிவிட்டது போலிருக்கிறதே' என்று அவர் கண்ணுக்குத் தோன்றும். நோயாளிக்குத் தெரிந்தால் வலி குறைந்தாற்போல அவருக்கே தோன்றும். ஆகவே இருவருக்கும் மறைத்து வைக்கிறார்கள். ரகசியம் வேறோரிடத்தில் பத்திரமாக இருக்கும். நோயாளிக்கு அபாயம் நேர்ந்தால் உடனே திறந்து பார்த்துவிடலாம். பரீட்சை பெரிதாயிருந்தால், அதில் சம்பந்தப்படாத நிபுணர்கள் சிலர் இடையிடையே கணக்கைப் பார்த்து, ஒரு பிரிவுக்குத் தீமை என்று கண்டால் நிறுத்திவிடச் சொல்வார்கள்.

களிம்பு நேரே தையற்காரர் காலுக்கு வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் ஆய்வுக்கூடத்தில் பிராணிகளிடம். பிறகு மிகச் சிலரிடம், தீங்கு செய்கிறதா என்று மட்டும் பார்க்க. பிறகு சில நோயாளிகளிடம், அளவு அறிய. அதன் பின்புதான் பலரிடம் இந்த ஒப்பீடு. கடைக்கு வந்த பிறகும் கண்காணிப்பு உண்டு. உங்களைக் கூப்பிடுவது எந்தப் படியில் என்று கேட்டறிவது நல்லது. முதற்படிக்கும் மூன்றாம் படிக்கும் அபாயத்தில் வேற்றுமை அதிகம்.

"எல்லாம் சரி, ஸார். எலி சமாசாரம்?" என்றார் அவர், விடாமல்.

மனிதரை எலியாக்கிய சரித்திரம் இல்லாமலில்லை. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் 1932 முதல் 1972 வரையில், மேக நோயுற்ற ஏறக்குறைய நானூறு கறுப்பின ஏழைகளை, சர்க்கார் சுகாதார இலாகாவே சிகிச்சை அளிக்காமல் வேடிக்கை பார்த்தது. பென்ஸிலின் அந்த நோயைத் தீர்க்கும் என்று தெரிந்த பின்பும் கொடுக்கவில்லை. அவர்களுக்கு உண்மை சொல்லப்படவுமில்லை. அங்கே சீட்டும் இல்லை, சம்மதமும் இல்லை.

நம் தேசத்துச் சம்பவம் ஒன்றும் என் மனத்தை விட்டு அகலாதது. 2009, 2010-ஆம் ஆண்டுகளில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்திலும் குஜராத்திலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்க்கும் ஒரு திட்டம் நடந்து, இடையில் நிறுத்தப்பட்டது. தடுப்பூசியின்மேல் குற்றமில்லை, அது நல்ல ஊசி, பல நாடுகளில் போடப்படுகிறது. ஆனால் ஆந்திரத்தில் ஆயிரக்கணக்கான சம்மதப் பத்திரங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்ததைப் பார்லிமெண்டுக் குழு கண்டித்தது. என் போன்ற பள்ளிக்கூட மனிதர்கள்! ஹாஜர்ப் புத்தகத்தில் கையெழுத்திடுவதுபோல் இட்டிருப்பார்கள். அடுத்தவர் குழந்தையின் உடம்புக்கு 'சரி' சொல்ல நமக்கு அதிகாரம் தந்தது யார் என்று அந்தப் பேனாக்களில் ஒன்றாவது ஒரு கணம் தயங்கியிருக்கலாகாதா?

இத்தகைய அநியாயங்களுக்குப் பிறகுதான் சட்டங்கள் இறுகின. நம் நாட்டில் 2009 முதல், பரீட்சையைத் தொடங்குமுன் அதைப் பகிரங்கமான ஒரு பதிவேட்டில் பதிய வேண்டும்; பாதகமான முடிவைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவது அதனால் கஷ்டமாகிறது. 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு பரீட்சைக்கும் ஓர் அறநெறிக் குழு அனுமதி தர வேண்டும். அதில் குறைந்தது ஏழு பேர். அவர்களில் ஒரு பெண்மணியும், சட்டம் தெரிந்தவர் ஒருவரும், வைத்தியம் அறியாத சாதாரண மனிதர் ஒருவரும் இருந்தாக வேண்டும். பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். பரீட்சையால் உடம்புக்குக் கேடு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் உண்டு. படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் வாங்கும்போது, சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாம் என்று சொல்லலாம். சேர்ந்த பிறகு எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது.

தையற்காரரின் காகிதத்தில் இவை யாவும் இருந்தன. பதினோராம் பக்கத்தில், பொடி எழுத்தில். முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்திருக்க வேண்டியவை. எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமை அந்தப் பொடி எழுத்தில்தானே இருக்கிறது? வேண்டாம் என்று எலியால் சொல்ல முடியாது.

மாலையில் இருவரும் சேர்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேள்விகள் எழுதினோம். களிம்பை இதற்கு முன் எத்தனை பேருக்குப் போட்டார்கள்? புண் மோசமானால் ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது? வந்து போகும் பஸ் கட்டணம் யார் பொறுப்பு? கடைசிக் கேள்வி அவர் தாமாகவே சொன்னது: "எனக்கு மருந்தில்லாத களிம்புதான் வாய்த்தது என்று வைத்துக் கொள்ளுங்கள். முடிவில் மருந்து நல்லது என்று தெரிந்தால், எனக்கும் அதைத் தருவார்களா?" பத்தொன்பது வருஷம் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். டாக்டரம்மாள் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாராம். 'குருட்டு' என்ற சொல்லை மாற்றுவதற்கும் குறித்துக் கொண்டாராம். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் காகிதத்தில் எங்கும் இல்லை. குழுவைக் கேட்டு எழுதி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது வந்த பிறகுதான் கையெழுத்து என்று தையற்காரர் காகிதக் கட்டை மடித்து, தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்திருக்கிறார்.